உப்புத் தண்ணீரில் சாளக்கிராமம்

எங்கள் வீட்டில் சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் ஆகாமல் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். அந்தக் கறுப்புக் கல்தான் எங்களுக்குப் பெருமாள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள் காலையில் பூஜைத் தட்டில் அவரைக் காணவில்லை.

அப்பாவின் சந்தேகம் நேரே சித்தப்பா மேல் போயிற்று. அவர் தூத்துக்குடியில் கல்லையும் மண்ணையும் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். லீவுக்கு வந்த இடத்தில், முந்தின நாள்தான், சாளக்கிராமத்தில் இருக்கும் சுழி கடலில் நத்தை மாதிரி வாழ்ந்த ஒரு பிராணியின் கூடு என்று சொல்லியிருந்தார்.

“ஏலே, அந்தப் பிராணிக்குச் சுழி எங்க இருந்து வந்துச்சு? பெருமாள் கையில இருக்க சக்கரம் முந்தி. அதோட சாயல்ல வந்ததுதான் பிராணி” என்றார் அப்பா.

“அண்ணே, எலும்பும் கல்லும் தோண்டுன அந்தக் காலத்து வெள்ளைக்காரங்கள்லயும் பல பேரு ஒங்க கட்சிதான். சாமி மனசுல அச்சு முந்தி, உசுரு பிந்தின்னாங்க. பின்னால வந்தவங்க, அச்சும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஒரு உசுரு மாறி மாறித்தான் இன்னொண்ணு ஆச்சுன்னுட்டாங்க.”

“அப்பம் அந்தப் பின்னால வந்தவன் வீட்டுலயே போயி சோறு தின்னு.”

இப்போது கல்லையும் காணோம். அப்பா சித்தப்பாவின் பையைத் தலைகீழாகக் கொட்டினார். சட்டையும் புத்தகமும்தான் விழுந்தன. உச்சிவெயில் ஏறியது. சர்க்கரை வியாதிக்காரரான அப்பா தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். “ஒரு வாய் கஞ்சியாவது குடிங்களேன்” என்று அம்மா அழுதாள். அவர் கேட்கவில்லை.

“பெருமாள எடுத்துக் குடுத்துட்டு, இந்த வாசல்படி தாண்டிப் போயிரு. இனி மிதிக்காத.”

“நா எடுக்கலண்ணே.” சித்தப்பா கீழே கிடந்த சட்டைகளைப் பைக்குள் அள்ளிப்போட்டார்.

பெண்பிள்ளைகள் அந்தக் கல்லைத் தொடக்கூடாது. நான் தொட்டிருந்தேன். சித்தப்பா செருப்பை மாட்டியதும் எனக்குத் தாங்கவில்லை. பருத்தி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த செம்பைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தேன். அடியில் கல் கிடந்தது.

“ஏட்டி, இது என்ன தண்ணி?” என்றாள் அம்மா.

“உப்புத் தண்ணி. கடல்ல இருந்தவருதானே, எந்திரிச்சு வருவாருன்னு…”

சித்தப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடி விழும் என்று நான் கண்ணை மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா செம்பின் மேல் குனிந்து தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பசியிலும் கல்லை எடுக்கவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் எடுத்தார். அன்றைக்குத் திருமஞ்சனம் ஆனதும் முதல் தீர்த்தத்தைச் சித்தப்பாவுக்குத்தான் கொடுத்தார்.

இப்போது அந்தப் பெருமாள் என் வீட்டில் இருக்கிறார். என் வீட்டுக்காரர் திருமஞ்சனம் செய்வதைத் தினமும் கும்பிட்டபடி பார்க்கிறேன். அன்றைக்கு அப்பா கோபத்தை அடக்கத்தான் அப்படிக் குனிந்திருந்தார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போதுதான் புரிகிறது, அவரும் என்னைப் போலவே, அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.