இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா. ஊசிமருந்துகளைக் குளிர்பெட்டியில் வைத்து நோயாளிகளின் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை, ஒன்பது வருஷமாக. பெட்டிக்குள் இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கவும் கூடாது, எட்டுக்கு மேலே ஏறவும் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். ஜனங்கள் காதில் போட்டுக்கொண்டால்தானே! ஒரு மகராசி இன்சுலினை ஜன்னலில் வைத்திருந்தாள், காற்றோட்டமாக இருக்கட்டுமாம். இன்னொரு புண்ணியவான் வண்டி டிக்கியில் போட்டு மூன்று நாள் ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறார்.

அன்றைக்கும் எல்லாம் ஏறுக்குமாறுதான். அடுக்குமாடி வாசலில் காவலாளி பெட்டியைத் திறக்கச் சொன்னான்.

"திறந்தா குளிரு போயிடும்யா. உள்ள என்ன குண்டா வெச்சிருக்கேன்?"

லிஃப்ட் வழக்கம்போல் படுத்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே ஆறு மாடி ஏறினாள்.

அந்த வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு மூட்டுவாதம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. ஆறு மாதம் போட்டும் முழங்கால் வீக்கம் வற்றவில்லை. வெள்ளிக்கிழமையோடு இந்த மருந்தை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த மருந்தோ ரொம்பக் கடுமையானது. அதை நினைத்தே பெண்ணின் அப்பாவுக்குப் பாதி உயிர் போயிருந்தது.

மூச்சு வாங்குகிறதே, உள்ளே வந்து தண்ணீர் குடியுங்கள் என்றார். எப்போதும் வாசலோடு திரும்பிவிடுகிறவள் அன்றைக்குத்தான் சமையலறை வரை போனாள். அவர் மருந்தை வாங்கி, ஃப்ரிட்ஜின் மேல்கதவைத் திறந்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே செருகினார்.

"ஐயையோ, ஃப்ரீசர்லயா வைக்கிறீங்க!" ஒரே எட்டில் போய்ப் பிடுங்கினாள்.

"எப்பவும் அங்கதாங்க்கா. ஊசி போடுற அன்னைக்கு வெளிய எடுத்து, இளகினதும் போடுவோம்."

"உறைஞ்சா மருந்து செத்துப்போச்சு சார்! பச்சத்தண்ணிய ஏத்தின மாதிரிதான். எந்த அறிவாளி சொன்னான் இப்படி வைக்கச் சொல்லி?"

அவர் விழித்தார். "நீங்கதானேக்கா. மொத தடவை வந்தப்ப, எவ்வளவு ஜில்லுனு இருக்கோ அவ்வளவு நல்லதுன்னு சொன்னீங்களே."

அவளேதான். சொல்லியிருப்பாள். அடுத்த வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள். போதாததற்கு, கையெழுத்து வாங்குகிற தாளில் 'மருந்து வைக்கும் இடத்தை நேரில் பார்த்தேன்' என்று ஒரு கட்டம். மாதாமாதம் வாசலில் நின்றபடியே அதில் டிக் அடித்திருக்கிறாள். பாவி, எட்டிப்பார்க்க எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்!

அங்கேயே டாக்டரின் நர்ஸுக்குப் போன் போட்டாள். "மருந்த மாத்த வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க சிஸ்டர். பிள்ளைக்கு இதுவரைக்கும் போட்டதெல்லாம் உறைஞ்ச மருந்து. ஆமா, தப்பு என்னுதுதான். என் பேர்லயே எழுதிக்கோங்க."

திரும்பினால், சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நிற்கிறாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"அப்ப அந்தப் பன்னெண்டு ஊசியும் சும்மாவா குத்திக்கிட்டேன்?"

ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிறவள், "ஆமா கண்ணு, என்னாலதான்" என்று சொல்லிமுடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.