ஸ்டெல்லா அக்கா எழுதிக் கொடுக்காதது

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் ஆயிஷா இப்போதுதான் தூங்கினாள்.

வியாழக்கிழமை அவளை ராயபுரத்தில் ஸ்டெல்லா அக்காவின் பிசியோதெரபி அறைக்கு அழைத்துப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "அக்கா காலைல தவறிட்டாங்கம்மா, நெஞ்சு வலி. உனுக்கு யாரும் சொல்லலியா?" என்றார் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர். "அப்போ இன்னிக்கு எக்சர்சைஸ் இல்லியா?" என்று ஆயிஷா கேட்டாள்.

அக்காவிடம் பிள்ளைகளை அழைத்து வந்த உங்களுக்குத்தான் இது. ஆயிஷாவுக்கு ஆறு வயது. இடது முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் ஜவ்வு பிறவியிலேயே இல்லை. வளரும் எலும்பில் துளை போடுவது ஆபத்து, ஆபரேஷனைப் பிறகு பார்க்கலாம், அதுவரை தொடைத் தசைதான் மூட்டைத் தாங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்காவிடம் முதல் நாள் அவளைத் தூக்கிக்கொண்டே போனேன். "இன்னாம்மா, காசிமேட்ல வஞ்சிரம் வாங்கினாப்ல தோள்ல போட்டுகினு வர்ற? எறக்கி வுடு. அதுக்குக் காலு கீது" என்றார் அக்கா.

பள்ளி நேரத்துக்கு மட்டும் போடச் சொன்ன முழங்கால் பட்டையை நான் பயத்தில் இரவிலும் கழற்றவில்லை. அடுத்த மாதம் அக்கா தையல் டேப்பால் இரண்டு தொடைகளையும் அளந்தார். இடது தொடை மெலிந்திருந்தது. "பட்ட வேல செஞ்சா தொட இன்னா செய்யும்? குந்திகினு வேடிக்க பாக்கும். பயம் உனுக்கு, பட்ட அதுக்கா?" நான் அழுதுவிட்டேன். "அழுவறதுன்னா சீக்கிரம் அழு, டீ ஆறிடும்."

எந்தப் பயிற்சியையும் அவர் எழுதித் தந்ததில்லை. பிள்ளையைக் கதவிலிருந்து ஜன்னல் வரை நடக்கவிட்டுப் பார்ப்பார், அன்றைக்கு ஒன்றே ஒன்று காட்டுவார். நான் போனில் படம் பிடித்தபோது அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "எழுதிக் குடுத்தா காயிதத்தப் பாப்ப, கால பாக்க மாட்ட." அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

கடைசியாகக் காட்டியது ஒற்றைப் படியில் நின்று மெதுவாக இறங்குவது. வியாழக்கிழமை அடுத்ததைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். நேற்று பள்ளிப் படியில் ஆயிஷாவின் மூட்டு நழுவியது. வீக்கமில்லை. ஆனால் அந்தப் பயிற்சியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் கழித்துத்தான் தேதி.

இன்று மாலை அவளைக் கதவிலிருந்து ஜன்னல் வரை நடக்கவிட்டுப் பார்த்தேன். ஊன்றும்போது இடது முழங்கால் பின்பக்கமாக வளைகிறது. இத்தனை நாள் இதை நான் பார்த்ததே இல்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பார்வை மட்டும்தான். பார்த்த பிறகு என்ன செய்வது என்பது அவரோடு போய்விட்டது.

உங்கள் பிள்ளைக்கு இப்படி வளைந்ததா? அப்போது அக்கா என்ன செய்தார்? டாக்டரிடம் கேட்காமல் எதையும் செய்ய மாட்டேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.