கீழ்த்தட்டுத் தோட்டம்

அரவேணுவில் மாமனார் பிரித்துக் கொடுத்த மலைச்சரிவு நிலத்தில் எனக்கு மேல்தட்டு, என் ஓரகத்திக்குக் கீழ்த்தட்டு. அவள் புருஷனோடு கோயமுத்தூரில் இருந்த காலமெல்லாம் கீழே வெறும் உண்ணிப் புதர்தான். மலையில் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே, வேண்டாததை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினால் கீழ்த்தட்டு வாங்கிக்கொள்ளும். நானும் வீசினேன். உடைந்த குக்கர், பிடி போன கெட்டில், மகளின் மூன்று சக்கர சைக்கிள், இன்னும் என்னென்னவோ.

கொழுந்தனார் ரிட்டயர் ஆனதும் இருவரும் திரும்பி வந்தார்கள். புதரை வெட்டியவள், அடியில் கிடந்ததையெல்லாம் கழுவி வெயிலில் பரப்பினாள். "இவளுக்கு வந்த வாழ்வைப் பாரு, குப்பையக் காயப் போடறா" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் சிரிப்பு போய்விட்டது. என் கெட்டில் ஒரு கொக்கின் வயிறாகியிருந்தது. தண்ணீர்க் குழாய் கால்கள், தேயிலைக் கொழுந்து வெட்டும் பழைய கத்தரி அலகு. சைக்கிள் கூடையில் பெகோனியா. குக்கர் மூடிகளும் கரண்டிகளும் கம்பியில் தொங்கிக் காற்றுக்குக் கிணுகிணுத்தன. சர்ச் முடிந்து வருகிறவர்கள் என் டேலியாவைத் தாண்டிப் போய், கீழே போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். பனிக்குச் சாக்கு போர்த்தி, பிள்ளை மாதிரி வளர்த்த டேலியா! வயிறு எரிந்தது. மறைப்பானேன், எரிந்தது.

ராத்திரியில் ஊருக்குள் சுற்றும் காட்டெருமை ஒரு நடை கீழே போய் வரக்கூடாதா என்றுகூட நினைத்தேன். அதுவும் வந்தது. மூடிச் சத்தத்துக்கு மிரண்டு மேலே ஏறி, என் டேலியா பாத்தியைத் துவம்சம் செய்துவிட்டுப் போனது.

"ஐயோ, ஏனுங்கக்கா, நாலு மூடி தரட்டுங்களா? நீங்களும் கட்டி உடுங்க" என்றாள் ஓரகத்தி. என் மூடி! அதை எனக்கே தருகிறாளாம்!

டேலியா போனாலும் ஹைட்ரேஞ்சியா இருந்தது. மகளின் நிச்சயதார்த்தப் படம் அதன் முன்னால்தான் என்று அதற்கு எரு வைத்துக் காத்திருந்தேன். நிச்சயதார்த்தத்தன்று காலை மகள் பட்டுப் புடவையோடு வந்து நின்றாள்.

"அம்மா, போட்டோ கீழ சித்தி தோட்டத்துல எடுத்துக்கறோம்."

"ஏன், உங்கம்மா தோட்டத்துக்கு என்ன கேடு? தகர டப்பா முன்னாடி நின்னா சம்பந்தி ஊட்டுல என்ன நெனைப்பாங்க?"

"கோவிச்சுக்காம வாம்மா" என்று கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனாள்.

அதுவரை மதில் மேலிருந்து பார்த்ததோடு சரி, அங்கே நான் கால் வைத்ததில்லை. மதிலை ஒட்டி, மேலிருந்து கண்ணில் படாத மூலையில், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். இரண்டிலும் சிவப்பு ஜெரேனியம். இடது பூட்ஸில் சைக்கிள் டியூப் ஒட்டு. என் வீட்டுக்காரருடையது. எஸ்டேட் சூப்பர்வைசராக மழையிலெல்லாம் அவர் போட்டு நடந்தது. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே, வாசலில் அதைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் வீசினேன்.

"அப்பாவும் போட்டோல இருக்கட்டும்மா" என்றாள் மகள்.

"வேணும்னா எடுத்துக்குங்கக்கா. மாமாவோடதுன்னு தெரிஞ்சுதான் தனியா வெச்சேன்" என்றாள் ஓரகத்தி.

குனிந்து தூக்கினேன். வரவில்லை. வெடித்த அடிப்பாகம் வழியாக வேர் இறங்கி மண்ணைப் பிடித்திருந்தது.

"இருக்கட்டும். தண்ணி ரொம்ப ஊத்தாதே, அழுகிப் போயிரும்" என்று மட்டும் சொன்னேன்.

படத்தில் மகளும் மாப்பிள்ளையும் பூட்ஸுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் அழகு என்கிறார்கள். அழகுதான். நான் தூக்கி வீசியதில் அவள் பூ பூக்க வைத்திருக்கிறாளே, அந்த வயிற்றெரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.