விலை விழுந்த வருஷத்துக் கதிர்காமப் பயணம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதைவிட, "சோத்துக்கே வழியில்லாதப்ப வேன் பிடிச்சுப் போனீங்களாக்கும்" என்று சிரிப்பார்களே என்ற கூச்சம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் விலை நன்றாக இருந்த காலத்தில், ஆடி மாதம் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து மூன்று வேன் கதிர்காமம் போகும். கூரையில் அரிசியும் பானையும் கட்டியிருக்கும். எம்பிலிப்பிட்டிய தாண்டி மர நிழலில் சமையல், இரவு வேனிலேயே தூக்கம். வேறு ஊர் பார்க்க எங்களுக்கு அதுதான் வழி. விலை விழுந்தது, வேலை நாள் குறைந்தது, டீசல் ஏறியது. மூன்று வேன் ஒன்றாயிற்று. அந்த வருஷம் அந்த ஒன்றுக்கும் ஆள் சேரவில்லை.

ஆனால் நானும் என் வீட்டுக்காரரும் விரதம் தொடங்கிவிட்டோம். ஸ்டோர் என்கிற தோட்டத் தொழிற்சாலையில் ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட் அவர் கண்ணில் தெறித்து, பார்வை போய்விடும் என்றார்கள். முருகன் திருப்பிக் கொடுத்தான். அதற்குக் காவடி நேர்ந்திருந்தோம்.

வேன் ஒழுங்கு செய்யும் கடை முதலாளியிடம் போனேன்.

"வேலையே இல்ல, இப்ப டிரிப் கேக்குதாம்மா? அடுத்த வருஷம் பாப்போம். சாமி எங்கயும் ஓடிடாது."

"சாமி ஓடாதுங்க முதலாளி. ஒங்க வேன்தான் ஓட மாட்டேங்குது."

என்னோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் சிங்களப் பெண்ணிடம் இதைச் சொல்லி ஆத்திரப்பட்டேன். அவள் கிராமத்தவர்களும் வருஷா வருஷம் கதிர்காமம் போகிறவர்கள்.

"அக்கே, எங்க வேனும் பாதி சும்மாதானே. எகட்ட யமு" என்றாள். சேர்ந்தே போவோம் என்கிறாள்!

வீட்டுக்காரரின் அண்ணன் குதித்தார். "சண்டை நடக்குற நேரம். செக்பொயிண்டுல ஒங்கள மட்டும் எறக்குனா யாரு பேசுவா?"

"முருகன் பேசுவாரு மாமா."

இறக்கத்தான் செய்தார்கள். இரத்தினபுரி தாண்டி ஒரு செக்பொயிண்டில், தமிழர்கள் மட்டும் இறங்குங்கள் என்றான் சிப்பாய். இறங்கினோம். திரும்பிப் பார்த்தால் வேன் முழுக்க இறங்கி எங்களோடு நிற்கிறது. என்னோடு பால் வெட்டுகிறவள் தன் இடுப்பில் கை வைத்து, சிப்பாயிடம் சிங்களத்தில் கேட்டாள்: "சாமி கும்பிடப் போற வேனை எப்படி மகனே ரெண்டாப் பிரிக்கிறது?"

அவன் அத்தனை பேர் அடையாள அட்டையையும் பார்க்கத் தொடங்கி, பாதியில் அலுத்துப்போய்க் கை காட்டினான்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் முழுகி அவர் காவடி எடுத்தார். அவள் முன்னே போய் "ஹரோ ஹரா" என்று கத்திக் கூட்டத்தை விலக்கினாள். இரண்டு கண்ணாலும் அவர் சந்நிதியைப் பார்த்தார்.

இதை யாருக்காவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். "பாவம், கஷ்டப்பட்ட சனங்க" என்று நடுவில் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். கஷ்டம் இருந்தது. நாங்கள் போனோம்.