ஐம்பத்தைந்து சதவீத ஆன்ட்டி

போன வாரம் நான் ஒரு ஆன்ட்டியைப் பாதி அழித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு மவுஸ், ஒரு ஸ்லைடர்... அவ்வளவுதான்.

டெக்சாஸில், பேர்லேண்டில் எங்கள் எதிர்வீடு சாரதா ஆன்ட்டி. அவர் கணவர் ராமன் அங்கிளுக்கு அறுபதாம் கல்யாணம். கோயில் ஹால் புக் பண்ணியாச்சு. அழைப்பிதழ் என் தலையில். ஏன்? எங்கள் தெருவில் படம் வரைகிற சாஃப்ட்வேர் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். பிக்அப் ட்ரக் வைத்திருப்பவனை வீடு மாற்ற ஊரே கூப்பிடுமே, அதே கதி!

போட்டோவைப் பார்த்து இருவரையும் கம்ப்யூட்டரில் வரைந்தேன். ஆன்ட்டி பார்த்தார். அங்கிள் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. என்னை மட்டும் கொஞ்சம் லைட்டா போட முடியுமா?"

புரிந்தது. 'பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி' என்ற பேச்சைப் பெண் பார்க்க வந்த அன்றே காதில் வாங்கியவர். அமெரிக்கா வந்து க்ரீன் கார்டு வாங்கியும் அந்த உறுத்தல் போகவில்லை.

முகம், கழுத்து, கை... ஒவ்வொன்றாக நிறம் மாற்றணும். யார் செய்வது? மொத்த ஆன்ட்டியையும் செலக்ட் பண்ணி, ஒபாசிட்டி ஸ்லைடரை நூறிலிருந்து ஐம்பத்தைந்துக்கு இழுத்தேன். வெள்ளைப் பின்னணியில் ஆன்ட்டி பளிச்சென்று சிவந்துவிட்டார்! புடவையும் வெளுத்தது. சரி, பேஸ்டல் ஷேட் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்போது அங்கிள் போன். "பின்னாடி நம்ம கோயில் கோபுரம் வரட்டும்ப்பா." போட்டேன். ஆபீஸில் மீட்டிங் வேறு. போனில் கட்டைவிரல் சைஸில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர்கள் சொந்தமும் நண்பர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன்.

ஒபாசிட்டி குறைந்தால் நிறம் வெளுப்பதில்லை. ஆள் கண்ணாடி ஆகி, பின்னால் இருப்பது தெரிகிறது. வெள்ளையில் இது புலப்படவில்லை. கோபுரம் வந்ததும்? ஆன்ட்டி நெற்றியில் மூன்று கலசம். பக்கத்தில் அங்கிள் கெட்டியாக, முழுசாக. மனைவி மட்டும் புகை மாதிரி. நம் ஊரில் இப்படி ஒரு படத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

அங்கிளுக்கு முதல் போன் மதுரையிலிருந்து. அங்கிளின் ஒன்றுவிட்ட தங்கை, ஒரே அழுகை. "அண்ணி எப்போ தவறினாங்க? ஒரு வார்த்தை சொல்லலையே!"

இரண்டாவது டாலஸ் பக்கம் பிளானோவிலிருந்து, அங்கிளின் பழைய ஆபீஸ் நண்பர். எடுத்தது ஆன்ட்டி. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டாராம் — "நீங்கதான் புதுப் பொண்ணா?"

ஓடினேன். ஆன்ட்டி சோபாவில் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"திரும்பத் தாலி கட்டிக்கப் போற நேரத்துல இப்படிப் பண்ணிட்டியே தம்பி."

மன்னிப்புக் கேட்டேன். லேப்டாப்பைத் திறந்து, நடந்ததைக் காட்டினேன்.

"அவருக்கு எவ்ளோ வச்ச?"

"நூறு, ஆன்ட்டி."

"எனக்கு?"

"ஐம்பத்தஞ்சு."

"வெளுக்கச் சொன்னா, ஆளையே எடுத்துடுவியா?" மவுஸைப் பிடுங்கி, தானே இழுத்தார். நூறு. கோபுரம் பின்னால் போய்விட்டது. அரக்குப் புடவையில், தன் சொந்த நிறத்தில், முழு ஆன்ட்டி.

"கலரை மட்டும் தனியா மாத்தித் தரேன் ஆன்ட்டி..."

"ஒண்ணும் வேணாம். கறுப்பாவே இருந்துட்டுப் போறேன். இருந்தாப் போதும்."

வெளுக்க வைப்பதற்கும் இல்லாமல் ஆக்குவதற்கும் இத்தனை வருடமாக நாம் ஒரே ஸ்லைடரைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறோமோ?

புது அழைப்பிதழை ஆன்ட்டியே குரூப்பில் போட்டார். கீழே அவர் டைப் பண்ணிய ஒரு வரி:

'பொண்ணு நானேதான். குடும்பத்தோட வந்துடுங்க.'