எந்தக் கப்பல் ஆப்பிள்?

நம்புவீர்களா? போன வெள்ளிக்கிழமை ஓர் ஆப்பிளின் உள்ளே பார்த்தேன் — வெட்டாமலே!

மறுநாள் என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வழக்கம். தாம்பாளத்தில் வைக்கும் ஆப்பிளைச் சபை நடுவிலேயே வெட்டிப் பகிர்ந்து கொடுப்பார்கள். உள்ளே கறுத்திருந்தால்...? அபசகுனம் என்று நாலு பேர் முணுமுணுப்பார்கள். அக்காவுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

ஜங்லிகாட் பழக்கடையில் அக்கா கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கப்பல்?" நம் தீவுக்குப் பழமெல்லாம் கப்பலில்தான் வரும்; நாம் எல்லோரும் கேட்பதுதானே! புதுக் கப்பல் என்றால் நல்ல பழம். பழைய கப்பல் என்றால் முகச் சுளிப்பு.

"நேத்து வந்த கப்பல் மால்க்கா... ஏக்தம் தாஜா, புத்தம் புதுசு!" என்றார் கடைக்காரர் முருகேசன். ஆப்பிள்கள் பளபளத்தன. போன கப்பலில் வந்து குளிர் அறையில் இருந்தவை, தோல் மங்கி ஓரமாகக் கிடந்தன.

எங்கள் மாடியில் குடியிருக்கும் ஃபௌசியாவையும் அழைத்துப் போயிருந்தேன். பழ ஆராய்ச்சி செய்பவர். கையில் டார்ச் அளவுக்கு ஒரு மெஷின். கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பழத்துக்குள் அனுப்பும். திரும்பி வரும் ஒளியை வைத்து, சதை கெட்டிருக்கிறதா என்று சொல்லிவிடும். தோலில் ஒரு கீறல்கூட விழாது!

புதுக் கப்பல் ஆப்பிளில் வைத்தார். சிவப்பு விளக்கு. அடுத்ததும் சிவப்பு. பழைய கப்பல் ஆப்பிள்? பச்சை... மறுபடி பச்சை!

"மெஷின் கராப்க்கா, கெட்டுப் போயிருக்கும்" என்றார் முருகேசன்.

"அப்ப ரெண்டையும் வெட்டிப் பாத்துரலாமா?" என்றார் ஃபௌசியா.

வெட்டினோம். பளபளத்தது உள்ளே பழுப்பு. மங்கியது வெள்ளை வெளேர்!

முருகேசன் தலையில் கை வைத்துக்கொண்டார். "கடல் சரியில்லன்னு கப்பல் லேட்டு. வழியில கூலிங் நின்னுருக்கும்..."

இத்தனை வருடமாக நாம் பழத்தைப் பார்த்தோமா, கப்பலைப் பார்த்தோமா?

பச்சை விளக்கு எரிந்த மங்கல் ஆப்பிள்களையே அக்கா அரைமனதோடு வாங்கினாள்.

மறுநாள் சபையில் மாப்பிள்ளையின் அம்மா கத்தியை எடுத்தார். அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். வெட்டினார்... பழுதே இல்லை! எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "ரொம்ப நல்லா இருக்கே! எந்தக் கப்பல்?"

அக்கா கண் இமைக்கவில்லை. "புதுக் கப்பல்தான் சம்பந்தியம்மா!"

நல்லவேளை... மெஷினை அக்கா பக்கம் யாரும் திருப்பவில்லை.