உள் அறையில் நடந்தது

செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, என் மனைவி இன்னொரு ஆளுக்காகக் கண் கலங்கியதைப் பார்த்தேன். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் கையில் மொபைல். தாராவிப் பசங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு யூடியூப் சேனலில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏன்னா, இங்க வந்து கேளுங்கோ. எப்பேர்ப்பட்ட மனுஷர்! உங்க ஆபீஸ்லதானே இருந்தார்?”

நான் ஒரு மந்திரிக்கு ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஆள் அதே மந்திரியின் வெளி அறையில் இருந்தவர். பார்க்க வருகிறவர்களை உட்கார வைத்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது அவர் வேலை. தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் மட்டும் திருநெல்வேலி வாடை போகவே இல்லை.

அவர் சொன்ன கதை இது. கோவண்டியில் ஒரு குடிசை வரிசையை இடிக்க உத்தரவு தயாராகிறது. ஜூன் மாத மழை. இவர் அந்தக் குடிசையிலிருந்து வந்த ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மந்திரியின் அறைக்குள் நுழைந்து காலில் விழுகிறார். மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபைலை மூடிவிடுகிறார்.

ஃபைலை மூடியது உண்மை. குழந்தை கிடையாது, அவரும் கிடையாது. அறையில் மந்திரியும் நானும் மட்டும்தான் இருந்தோம். மந்திரி உத்தரவைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் என் பென்சில் நின்றுவிட்டது. “சாஹேப், மழை பிடிச்சுடுத்து. தீபாவளி கழியட்டுமே” என்று மராத்தியில் சொன்னேன். ஸ்டெனோ வாய் திறக்கிற வழக்கமே இல்லை. மந்திரி ஃபைலை மூடினார். “லிஹூ நகோ” என்றார். எழுதாதே என்று அர்த்தம். அப்புறம் அந்த உத்தரவு வரவே இல்லை.

இதை நான் அதுவரை மனைவியிடம் கூடச் சொன்னதில்லை. அந்த அலுவலகத்தில் சேர்ந்த அன்று நானும் அந்த ஆளும் செக்ரட்டரியின் மேஜை முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்று, இங்கே கேட்பதையும் பார்ப்பதையும் வெளியே சொல்ல மாட்டோம் என்று பிரமாணம் எடுத்தோம். நான் காப்பாற்றினேன். இப்போது அவருக்கு மாலை.

மனைவி அந்த வீடியோவைத் தன் அக்காவுக்கு அனுப்பினாள். கோயில் குரூப்பில் போட்டாள். கீழே வந்த கும்பிடுகளை எல்லாம் எனக்குக் காட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. அவருடைய இஸ்திரி போட்ட சட்டை, தட்டுத் தடங்கல் இல்லாத குரல், என்னைவிட அடர்த்தியான தலைமுடி, எதையும் என்னால் சகிக்க முடியவில்லை.

வக்கீலாக இருக்கும் என் அக்கா பெண்ணுக்கு போன் பண்ணினேன். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பிரமாணம் கட்டுப்படுத்துமா என்று ஒரு நண்பருக்காகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“சட்டம் ரிட்டயர் ஆகாது மாமா. ஆனா இத்தனை வருஷம் கழிச்சு, இந்த மாதிரி விஷயத்துக்கு யாரும் தேடிண்டு வரமாட்டா. மத்தபடி அந்த நண்பரோட மனசைப் பொறுத்தது.” நண்பர் என்ற இடத்தில் அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்கு அந்த ஆளை வரச் சொன்னேன். வந்தவர் என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“பிரமாணம் எடுத்துட்டு இப்படி ஊர் பூரா சொல்றேளே, தப்பில்லையா?”

“என்ன தப்பு சார்? உள்ள நடந்ததைச் சொன்னாத்தானே தப்பு? நான் சொன்னது எதுவும் நடக்கவே இல்லையே.” இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்தார். “அன்னைக்கு நீங்க வெளிய வந்து, டைப் அடிக்காம நோட்டை மூடி வெச்சிட்டீங்க. மறுநாளு உத்தரவு வரல. என்னமோ நடந்திருக்குன்னு தெரிஞ்சுது. மிச்சத்தை நானாக் கட்டினேன்.”

“அது நான் பேசினது.”

“அப்படியா?” அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “அப்ப நீங்க வந்து சொல்லுங்க சார். நான் மறுக்க மாட்டேன்.”

பொய் சொன்னவர் பிரமாணத்தை மீறவில்லை. உண்மையைச் சொன்னால் நான் மீறியவன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கூடக் கழற்றாமல், மனைவியிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன். பென்சில், மழை, லிஹூ நகோ, எல்லாவற்றையும். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அவள் முழுசும் கேட்டாள். பிறகு, “ஒருத்தர் நன்னா இருந்தா உங்களுக்கு ஏன் பொறுக்கலை?” என்றாள்.

சாட்சி சொல்ல மந்திரி உயிரோடு இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போனேன்.

கணபதி கரைக்கிற சமயம், தெருவில் டோல் மேளச் சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

“அன்னிக்கு ஏதோ சொன்னேளே. கோவண்டி விஷயம். அது நிஜமா?”

இந்தத் தடவை நம்புவதற்குத் தயாராக இருந்தாள். முகத்தில் தெரிந்தது. ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். ஆனால் அன்று வெறியில் உளறியது வேறு. இன்று நிதானமாகச் சொன்னால், தெரிந்தே பிரமாணத்தை மீறுகிறேன் என்று அர்த்தம்.

“இல்லை” என்றேன். “ஏதோ கோபத்துல சொன்னேன்.”

“அதானே பார்த்தேன்” என்று மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

இதனால் என் மனசு அடங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய வீடியோ எது வந்தாலும் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். போன மாதம் சயானில் அவருக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அக்காவுடன் போய்வந்தாள். முட்டி வலி என்று சொல்லிவிட்டு நான் வீட்டிலேயே இருந்தேன்.